நாற்பத்தோராவது வழி

நேராகப் போகிற வண்டி என்றாலே டைம் கீப்பருக்கு முகம் சுண்டிவிடும். பேருந்து நிலையத்தின் கம்பிக் கூண்டுக்குள் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பி வாங்கியவர். எந்த வண்டியும் ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கக் கூடாது, எந்த ஊருக்கும் மாறி மாறிப் போனால் மலிவாகப் போய்விடலாம் என்ற இரண்டு நம்பிக்கைகளில்தான் அவருடைய உயிர் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை கல்யாணத்துக்கு ஐந்து வண்டி மாறிப் பாதிக் கட்டணத்தில் போனாராம். போய்ச் சேர்ந்தபோது தங்கையின் மூத்த பையன் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தானாம். கண்டக்டர்கள் இப்படிச் சொல்வார்கள். அது சற்றே மிகை. பையன் அப்போது தவழ்ந்துகொண்டுதான் இருந்தான்.

முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சுத்துவழி என்று பெயர். முகத்துக்கு நேரேயும் அதே பெயர்தான். கூட ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருடைய மனைவிக்கு உலகம் ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வந்தது. சட்டைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. ஒரு காலர் கோணியிருந்தால் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளின் மேஜையைத் தாண்டி ஒரு நாள் மூன்று கை வைத்த சட்டை ஒன்று போய், பெட்டிக்குள் ஏறி, கப்பலும் ஏறிவிட்டது. வாங்கியவன் புகார் செய்யவில்லை. அதே மாதிரி இன்னும் ஒரு டஜன் வேண்டும் என்று எழுதினான். இருந்தாலும் சூப்பர்வைசர் அவளைப் பெட்டி கட்டுகிற இடத்துக்கு மாற்றினார். அங்கே தள்ளுவண்டிகளில் மோதி மோதி முழங்கால் வீங்கிய பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கண் டாக்டர் ஒரு தாளில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் போட்டார். "எல்லாருக்கும் இவ்வளவு தெரியும்." அதற்குள் சாஸர் அளவு இன்னொரு வட்டம். "உங்களுக்கு இப்ப இவ்வளவு." அதற்கும் உள்ளே மாத்திரை அளவுக்கு ஒன்று போட்டார். அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பேனாவை மூடினார்.

"எவ்வளவு நாள் டாக்டர்?" என்று டைம் கீப்பர் கேட்டார்.

"ஒரு வருஷம்னு வெச்சுக்குங்க. முன்னப்பின்ன இருக்கும். கரெக்டா சொல்றதுக்கு இது பஸ் இல்ல பாருங்க."

"பஸ்ஸுக்கும் கரெக்டா சொல்ல முடியாது டாக்டர்" என்றார் இவர். இருபத்தாறு வருட அனுபவம் அதைச் சொல்லாமல் இருக்க விடவில்லை.

மனைவியின் தம்பி ஒரு நீச்சல் குளத்தில், முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி முங்கக் கற்றுக்கொடுக்கிறவன். வேலை போய் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவை ஒரு நாள் கூட்டிப்போய்க் கண்ணாடி மாட்டிக் குளத்துக்குள் இறக்கினான். இருபது நிமிடம் கழித்து மேலே வந்தவள் கரையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"இதை மாட்டுனா யாருக்குமே பக்கவாட்டுல தெரியாதுல்ல?"

"தெரியாதுக்கா. தலையைத் திருப்பித்தான் பாக்கணும்."

"அப்ப உள்ள போயிட்டா நானும் எல்லாரும் ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே ஆசை. குளத்தில் நீல ஓடுதான் இருக்கிறது; தீவுக்குப் போய்க் கடலுக்குள் முங்கிப் பவளத்தையும் மீனையும் பார்க்க வேண்டும். பார்வை மூடுவதற்குள். பிற்பாடு நினைத்துக்கொள்ள உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே என்றாள். டாக்டர் தடை சொல்லவில்லை, கடிதமும் கொடுத்தார். "போறதுன்னா சீக்கிரம் போங்க" என்று மட்டும் சொன்னார்.

தீவுக்கு நேர்வழி ஒன்று இருந்தது. காலையில் ஒரு விமானம், மதியம் ஒரு விரைவுப் படகு, சாயங்காலம் தீவு. கையிலிருந்த சேமிப்புக்கு இருவரும் அப்படிப் போய், ஆளுக்கு இரண்டு முங்கு போட்டுவிட்டுத் திரும்பலாம்.

"ரெண்டு முங்குக்கா இவ்வளவு தூரம்?" என்றார் டைம் கீப்பர். "வழியில மிச்சம் பிடிச்சா உனக்கு நாலு முங்கு. இன்னும் கொஞ்சம் பிடிச்சா ஆறு. நீ ஆசை தீரப் பாக்க வேணாமா?"

இதில் கஞ்சத்தனம் கிடையாது. மிச்சப்பட்டதையெல்லாம் அவள் கண்ணுக்குக் கொடுக்கத்தான் அந்த மனிதர் மிச்சம் பிடித்தார். கஞ்சனாக இருந்திருந்தால் திட்டி வழிக்குக் கொண்டுவந்திருக்கலாம். இது அன்பு. திட்ட முடியவில்லை.

வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் நீளத் தாளை விரிப்பார். ஒவ்வொரு வழிக்கும் ஒரு நம்பர். ஏழாம் வழி ஒரு வெங்காயக் கப்பல். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து மூன்று நாளும் பயணிகள் அழுதுகொண்டே வருவதால் கட்டணம் கேட்க மாலுமிகளுக்கு மனம் வராது. பத்தொன்பதாம் வழியில் ஒரு பேருந்து இன்னும் கட்டி முடிக்காத பாலம் வரைக்கும் போகும். அங்கேயே காத்திருந்து, பாலம் முடிந்ததும் அதே டிக்கெட்டில் தொடரலாம். இருபத்து மூன்றாம் வழியில் ஒரு குட்டி விமானம். பயணியைச் சாமானாகப் பதிந்துகொண்டால் பாதிக் கட்டணம். ஆனால் தூக்குவதற்குக் கைப்பிடி இருக்க வேண்டும். இதையெல்லாம் அவர் விசாரித்துத்தான் விட்டார். கைப்பிடி விஷயத்தில் மட்டும் ஒரு வாரம் யோசித்தார்.

சிக்கல் என்னவென்றால், மலிவான வழிகளெல்லாம் நாளைத் தின்றன. அவருக்குக் கிடைக்கிற விடுமுறை ஒன்பது நாள். காசு மிஞ்சுகிற வழியில் நாள் மிஞ்சவில்லை. நாள் மிஞ்சுகிற வழியில் காசு மிஞ்சவில்லை. போதாததற்கு மைத்துனன் ஒரு குண்டு போட்டான்.

"மாமா, முங்கிட்டு உடனே பிளைட் ஏறக் கூடாது. ரத்தத்துல காத்து நுரைச்சுக்கும், ஆளே போயிடலாம். ஒரு முழு நாள் தரையில சும்மா கிடக்கணும்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். இதுல என்ன மாமா புரியல?"

அவருக்குப் புரியாதது அந்த ஒரு சொல்தான். நிற்கிற வண்டியைப் பார்த்தால் அவர் கை விசிலைத் தேடும்.

"எனக்கு ஒரு முங்கு போதுங்க" என்றாள் மனைவி. அப்போது பத்தாம் வழி. இருபதாம் வழியில் அவள் தண்ணீர் டம்ளரை மேஜைக்கு வெளியே வைத்தாள். டம்ளர் கீழே விழுந்து உருண்டது. முப்பதாம் வழியில் தனியாகத் தெருவைக் கடப்பதை நிறுத்திவிட்டாள். முப்பத்தைந்தில் அவர் தாளை விரித்து, "இங்க பாரு" என்று விரலை வைத்தபோது, அவள் பார்வை தாளெல்லாம் அலைந்து விரலைத் தேடியது. தேடுவதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னும் வேகமாகத் தேட ஆரம்பித்தார். மலிவான வழியைத்தான்.

"மாமா, நீங்க வழி கண்டுபிடிக்கிறதுக்குள்ள தீவே கிளம்பி இங்க வந்துடும்" என்றான் மைத்துனன்.

"வந்தா நல்லதுடா. வண்டிக் காசு மிச்சம்."

அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்ததில் கடைசியானவற்றுள் அது ஒன்று.

பதினோராவது மாதம் நாற்பத்தோராவது வழி அகப்பட்டது. ரயிலில் ஒரு இரவு, பேருந்தில் அரை நாள், பயணிக் கப்பலில் ஒரு நாள், நடுவில் ஒரு சின்னத் தீவில் இறங்கிச் சரக்குப் படகில் ஆறு மணி நேரம். செவ்வாய்க்கிழமை மதியம் போய்ச் சேரலாம். புதன்கிழமை நாலு முங்கு. வியாழன், மைத்துனன் சொன்னபடி சும்மா. வெள்ளி காலை ஆறு பத்துக்குத் திரும்புகிற விமானம். மழைக் காலத்துக்கு முந்தைய கடைசிப் பயணிகள் விமானம் என்பதால் கிட்டத்தட்ட சும்மாவே ஏற்றிக்கொண்டார்கள். ஒரு நிமிடம் வீணாகாத வழி. தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். கூண்டுக்கு வந்த கண்டக்டர்களிடமெல்லாம் சொன்னார்.

"இடையில எதாவது லேட்டானா என்ன சார் பண்ணுவீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏன் லேட்டாகுது? டைம் போட்டிருக்கான்ல."

ரயில் சரியாக வந்தது. பேருந்து சரியாக வந்தது. கப்பல்கூட ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து அவரைத் திகைக்க வைத்தது. நடுத்தீவில் சரக்குப் படகு கரையில் படுத்திருந்தது. காற்று அதிகம், போக முடியாது என்று படகுக்காரர் சொன்னார். எப்போது போகும் என்று கேட்டதற்கு வானத்தைப் பார்த்தார். செவ்வாய் போயிற்று. புதனும் போயிற்று. டைம் கீப்பர் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் நின்று, இரண்டு நாளும் கடிகாரத்தை மணிக்கு அறுபது தடவை பார்த்தார். அவள் மூட்டைமேல் உட்கார்ந்து, கையை முகத்துக்கு நேரே நீட்டி, ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தையும் ஒரே சமயத்தில் பார்க்க முடிகிறதா என்று சோதிக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். முடிகிறதா என்று அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்குத் தீவில் இறங்கினார்கள். தகரக் கூரை போட்ட முங்கல் கடை படகுத்துறையிலேயே இருந்தது. காது மடல் வெயிலில் உரிந்த ஒரு டைவிங் மாஸ்டர் சிலிண்டர்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வேளை வந்தீங்க. இன்னிக்கு ஒன்பது மணிப் படகுதான் இந்த வருஷத்துக்குக் கடைசி. போயிட்டு வந்ததும் காத்து அடைக்கிற மிஷினைக் கழட்டிக் கப்பல்ல ஏத்திடுவேன். இனிமே மழை முடிஞ்சுதான்" என்று சொல்லி, நிரப்ப ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

அவளுக்கு உடுப்பு மாட்டினார்கள். காலில் துடுப்புச் செருப்பு, இடுப்பில் ஈயக் கட்டி. கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து அவள் முதுகு அவ்வளவு நேராக இருந்து அவர் பார்த்ததில்லை.

டைம் கீப்பர் படிவத்தை நிரப்பினார். பெயர், வயது, டாக்டர் கடிதம். கடைசியில் ஒரு கட்டம்: அடுத்து ஏறப்போகும் விமானம், நாள், நேரம். இருபத்தாறு வருடத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை அவர். கை தானாகவே எழுதியது. வெள்ளி, காலை 6.10. எழுதி அடியில் ஒரு கோடும் போட்டார்.

மாஸ்டர் அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு அவள் பக்கத்தில் குனிந்து இடுப்பிலிருந்த ஈயக் கட்டியை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்னாச்சு?" என்றாள் அவள்.

"நாளைக்குக் காலைல பிளைட்டுன்னு எழுதியிருக்கும்மா. ஏத்த மாட்டேன்."

அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கணவரைத் தேடிப் பிடித்தாள். "காலியா விட்டிருக்கலாம்லங்க."

அவர் பேனாவைச் சட்டைப் பையில் சொருகினார்.

"பிளைட்டு வேணாம். நாங்க போகல" என்றாள் மாஸ்டரிடம். "அடுத்த கப்பலுக்கு இருக்கோம்."

"இன்னிக்குச் சாயங்காலக் கப்பல்ல இடம் இல்லம்மா. அடுத்தது ஒன்பது நாள் கழிச்சுத்தான்."

"இருக்கட்டும்."

"போகலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. போன வருஷம் ஒருத்தர் சொல்லிட்டு மறுநாள் ஏறிட்டாரு. இறங்கினப்ப அவருக்குக் காலு வரல. டிக்கெட்டை ரத்து பண்ணி முத்திரை வாங்கிட்டு வாங்க. விமானக் கவுண்டர் பத்து நிமிஷ நடைதான். ஒன்பது மணிக்குள்ள வந்துட்டா ஏத்திக்கிறேன்."

டைம் கீப்பர் மனைவியைப் பார்த்தார். வேலைக்கு ஒன்பது நாள் லேட், திரும்புகிற வழிக்கு மாற்றி மாற்றி எடுத்து வைத்த ஐந்து டிக்கெட்டும் குப்பை. எல்லாம் அவர் கண்முன் வரிசையாக நின்றன. ஆனால் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "ரத்து பண்ணிட்டு வந்துடறேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். மணி எட்டு பத்து.

கவுண்டர் என்பது ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு குமாஸ்தா. எட்டு இருபதுக்கு டிக்கெட்டுகளை நீட்டினார். குமாஸ்தா முத்திரையைக் கையில் எடுத்து, மைப் பெட்டியில் ஒற்றியும்விட்டார். தாளில் வைப்பதற்கு முன் நிமிர்ந்து பார்த்தார்.

"ரத்துன்னா ஒண்ணும் திரும்பி வராது சார்."

"பரவால்ல."

"இல்ல, சும்மா கேட்டேன். வேற ஒரு வழி இருக்கு."

கடலில் மூழ்கிச் செத்துக் கிடக்கிறவனிடம் போய் வேறு ஒரு வழி இருக்கிறது என்று சொன்னால் அவன் எழுந்து உட்காரமாட்டான். டைம் கீப்பராக இருந்தால் உட்காருவான்.

"சனிக்கிழமை ஒரு சரக்கு விமானம். ரெண்டு தீவைச் சுத்திட்டுப் போகும். அதுக்கு மாத்திக்கிட்டா பழைய டிக்கெட்டே போதும். உங்களுக்குக் கொஞ்சம் திரும்பி வரவும் செய்யும். சீட்டு இருக்கான்னு மட்டும் வயர்லெஸ்ல கேக்கணும்."

இன்று முங்கலாம். நாளை சும்மா. சனி விமானம். பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் மனதுக்குள் நாற்பத்திரண்டு என்று நம்பர் போட்டுக்கொண்டார்.

வயர்லெஸ் கரகரத்தது. எட்டரை. எதிர்முனைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். எட்டு நாற்பது. இப்போது வெறும் ரத்து முத்திரையை வாங்கிக்கொண்டு ஓடினால்கூடச் சரியாக இருக்கும் என்று தெரிந்தது. ஆனால் ஒன்பது மணி என்று எழுதி வைத்த எதுவும் ஒன்பது பத்துக்கு முன்னால் கிளம்பி அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. எட்டு ஐம்பதுக்கு ஒரு சீட்டு கிடைத்தது. "இன்னொண்ணும் பாத்துடுங்க" என்றார். ஒன்பது அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது அதுவும் கிடைத்தது. டிக்கெட்டைத் திருத்தி எழுதி முத்திரை விழ ஐந்து நிமிடம் ஆனது. குமாஸ்தா மை காயட்டும் என்று ஊதிக் கொடுத்தார்.

டைம் கீப்பர் ஓடினார். ஐம்பத்துநாலு வயதில் அப்படி ஓடிய மனிதரை அந்தத் தீவு பார்த்ததில்லை. கோழிகள் ஒதுங்கி வழிவிட்டன. துறைக்கு வந்தபோது ஒன்பது பதினொன்று. படகு தூரத்தில், வெள்ளை நுரையின் நுனியில், ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிந்தது.

அவள் பெஞ்சிலேயே இருந்தாள். உடுப்பைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ரப்பர் அழுத்திய கோடு கழுத்தில் சிவப்பாக இருந்தது.

"அஞ்சு நிமிஷம் காத்திருந்தாங்க" என்றாள். "தண்ணி இறங்குது, பாறை தட்டும், இதுக்கு மேல முடியாதுன்னுட்டாங்க."

"சனிக்கிழமை விமானம் கிடைச்சிருச்சு" என்றார். மூச்சு வாங்கியது. "நஷ்டமே இல்ல."

சொன்ன பிறகுதான் அந்தச் சொற்கள் அவர் காதில் விழுந்தன.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரத்து பண்ணத்தானே போனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

"அப்புறம்?"

"வேற வழி இருக்குன்னான்."

அவள் தலையை ஆட்டினாள். பதினொரு மாதமாக ஆட்டுகிற அதே ஆட்டம்தான். இந்தத் தடவை பாதியில் நின்றுவிட்டது.

மதியம் படகு திரும்பியது. அவர் மாஸ்டரிடம் கெஞ்சினார், கையைப் பிடித்தார். மாஸ்டர் கெட்டவரில்லை, அவருக்கே கண் கலங்கியது. ஆனால் சிலிண்டர்கள் காலியாகிவிட்டன, மிஷின் நாலு துண்டாகக் கோணிக்குள் போய்விட்டது. "கண்ணாடி மட்டும் வெச்சுக்குங்க" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, சாயங்காலக் கப்பலில் கடையோடு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவளைக் கைபிடித்துக் கரையோரம் இறக்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் கண்ணாடியை மாட்டிக் குனிந்தாள். காற்றில் கலங்கிய மணல் பால் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மீன் எதுவும்?" என்றார்.

"உங்க கால் தெரிஞ்சுது" என்றாள்.

சனிக்கிழமை சரக்கு விமானம் அவர்களையும் பதினாறு பெட்டிக் கருவாட்டையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. இரண்டு தீவைச் சுற்றிப் போகிற விமானம் என்பதால் உயரே ஏறவில்லை, கடலை ஒட்டியே போனது. ஜன்னலோரம் அவளை உட்கார வைத்திருந்தார். எட்டிப் பார்த்த டைம் கீப்பர் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கீழே பவளத் திட்டு முழுவதும் விரிந்து கிடந்தது. பச்சை, அதற்குள் நீலம், அதற்குள் இன்னொரு நீலம், மயில் கழுத்து மாதிரி மினுங்கிக்கொண்டு. பெரிய மீன் கூட்டம் ஒன்று நிழல்போலத் திரும்புவதுகூடத் தெரிந்தது.

"பாரு, பாரு. கீழ. உன் வலது பக்கம்."

அவள் நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் வைத்தாள். பார்வை இறக்கையில் பட்டது, மேகத்துக்குப் போனது, ஜன்னல் சட்டத்தில் வந்து நின்றது. அவர் அவளுடைய தாடையைப் பிடித்து மெல்லக் கீழே திருப்பினார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் இடது பக்கம். விமானம் சாய்ந்தது. திட்டு இறக்கைக்கு அடியில் போக ஆரம்பித்தது.

"தெரியுதா?"

"தெரியுது" என்றாள்.

அவர் அவள் கண் போன திசையில் பார்த்தார். இறக்கையில் ஒரு திருகாணி இருந்தது. அதைச் சுற்றித் துரு.

"நல்லாருக்கா?" என்றார், தாடையிலிருந்து கையை எடுக்காமல்.

"நல்லாருக்கு. கையை எடுங்க, கழுத்து வலிக்குது."